குண்டைத் தேடிய காது

கிரஹாம் பெல் யார் என்று எந்த ஸ்கூல் பையனைக் கேட்டாலும் டெலிபோன் என்று பட்டென்று பதில் வரும். ஒரு மார்க் கேள்வி. விடையை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். மூன்றாம் வருஷ புராஜெக்டுக்கு எங்கள் பேட்ச் மெட்டல் டிடெக்டரை எடுத்தபோது, ரிப்போர்ட்டில் வரலாறு என்று ஒரு பக்கம் எழுத வேண்டியிருந்தது. அதற்காகப் புத்தகங்களைப் புரட்டினால், அங்கேயும் வந்து நிற்கிறார் அதே தாடிக்காரர்!

இன்றைக்கு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆயிரக்கணக்கான பேர் ஞாயிற்றுக்கிழமையானால் தோளில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஆள் இல்லாமல் இடிந்துபோன பழைய வீட்டு மனைகளில் செல்லாத காசு, பித்தான், லாடம், தோட்டா என்று தேடுகிறார்கள். அந்தக் கருவியின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், 1881-ம் வருஷம் ஒரு நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் போய் முடிகிறது. நோயாளி அமெரிக்க ஜனாதிபதி. தேடிய பொருள், அவர் உடம்புக்குள் இருந்த ஈயக் குண்டு. தேடியவர் பெல்.

அவர் ஜெயித்த கதை எல்லோருக்கும் தெரியும். தோற்ற கதையைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அம்மாவின் நெற்றியில் பேசிய பையன்

அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1847 மார்ச் 3-ம் தேதி ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் பிறந்தார். அப்பா மெல்வில் பெல் பேச்சுப் பயிற்சி ஆசிரியர். தாத்தாவுக்கும் அதே தொழில்தான். ஒரு சத்தத்தைச் சொல்லும்போது நாக்கு எங்கே போய்த் தொடுகிறது, உதடு எப்படிக் குவிகிறது என்பதைக் குறியீடாகவே எழுதிக்காட்டும் ஒரு எழுத்து முறையை அப்பா கண்டுபிடித்து 1867-ல் வெளியிட்டார்.

அம்மா எலைசாவுக்குக் காது சரியாகக் கேட்காது. ஆனாலும் பியானோ நன்றாக வாசிப்பார். மற்றவர்கள் அவருடைய காதில் குழாயை வைத்துக் கத்துவார்கள். பையன் மட்டும் அம்மாவின் நெற்றிக்குப் பக்கத்தில் வாயை வைத்து, தாழ்ந்த குரலில் மெதுவாகப் பேசுவான். அந்த அதிர்வே அம்மாவுக்குப் போதும், புரிந்துவிடும். சத்தம் என்பது காதால் கேட்பது மட்டுமில்லை, அது ஒரு அதிர்வு என்பதை நாம் பிசிக்ஸ் புத்தகத்தில் படித்தோம். பெல் அதை வீட்டிலேயே படித்துவிட்டார்.

குடும்பத்தில் மூன்று பையன்கள். தம்பி எட்வர்ட் 1867-லும் அண்ணன் மெல்வில் 1870-லும் காசநோயில் செத்துப்போனார்கள். மிச்சமிருக்கிற ஒரே பிள்ளையையாவது காப்பாற்ற வேண்டும் என்று பெற்றோர் 1870-ல் மூட்டை கட்டிக்கொண்டு கனடாவுக்கு வந்துவிட்டார்கள். மறு வருஷமே பெல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்குப் போய்க் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பிறகு அவர் கைபிடித்த மேபல் ஹப்பர்டும் அங்கே அவரிடம் படித்த பெண்தான். ஐந்து வயதில் வந்த ஒரு காய்ச்சலில் செவியை இழந்தவர்.

யோசனை அவருடையது, கை நம்மளுடையது!

இந்த இடத்தில் டிப்ளமோ மாணவர்களான நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஏனென்றால் பெல்லுக்கு யோசனை கொட்டும், கைவேலை அவ்வளவாக வராது. கம்பி சுற்றுவது, தகடு வெட்டுவது, பிசிறில்லாமல் பூட்டுவது இதெல்லாம் செய்தவர் தாமஸ் வாட்சன். பாஸ்டனில் சார்லஸ் வில்லியம்ஸ் என்பவரின் மின்சாதன ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த இளைஞர். பதினாலு வயதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனால் பெல் வாயால் சொன்னதைக் கையால் செய்து காட்டத் தெரிந்தவர்.

1876 மார்ச் 7-ம் தேதி டெலிபோனுக்குக் காப்புரிமை கிடைத்தது. நம்பர் 1,74,465. மூன்று நாள் கழித்து மார்ச் 10-ல் பக்கத்து அறையில் இருந்த வாட்சனைப் பெல் கம்பி வழியாகவே கூப்பிட, அவரும் எழுந்து வந்துவிட்டார். ஜூன் 25-ல் பிலடெல்பியா கண்காட்சியில் பிரேசில் நாட்டுச் சக்கரவர்த்தி அதைக் காதில் வைத்துக் கேட்டு அசந்துபோனார். இந்த ஜூன் 25 என்ற தேதியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு வேலை இருக்கிறது.

அப்புறம் என்ன? கல்யாணம், கம்பெனி, கோர்ட் கேஸ்கள்! அதே கருவியைத் தானும் கண்டுபிடித்ததாகச் சொன்னவர்கள் பலர். எலிஷா கிரே என்பவரின் மனு பெல்லின் விண்ணப்பத்தோடு ஒரே நாளில் காப்புரிமை ஆபீசுக்குப் போயிருந்தது. வழக்குகள் வருஷக்கணக்கில் நடந்தன. அதையெல்லாம் வக்கீல்களிடம் விட்டுவிட்டுப் பெல் மறுபடியும் லேபுக்குள் நுழைந்துவிட்டார். 1880-ல் பிரான்ஸ் அரசு வோல்ட்டா பரிசாக 50,000 பிராங்க் கொடுத்தது. அதை வைத்து வாஷிங்டனில் ஒரு ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார். இந்தத் தடவை கைவேலைக்கு வந்தவர் சம்னர் டெய்ன்டர். இவரும் பெரும்பாலும் சொந்தமாகவே தொழில் கற்றுக்கொண்ட கருவித் தச்சர். இரண்டு பேரும் சேர்ந்து சூரிய ஒளியிலேயே குரலை ஏற்றி அனுப்பிக் காட்டினார்கள். அப்போது பெல்லுக்கு வயது 33.

1881 ஜூலை 2, சனிக்கிழமை

அமெரிக்காவின் இருபதாவது ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டு பதவிக்கு வந்து நாலு மாசம்கூட முழுசாக ஆகவில்லை. வாஷிங்டன் ரயில் நிலையத்தில் காலை வேளையில் நடந்து போய்க்கொண்டிருந்தவரை, அரசாங்க வேலை கேட்டு அலைந்து கிடைக்காத சார்லஸ் கிட்டோ என்பவன் பின்னாலிருந்து இரண்டு முறை சுட்டான். ஒரு குண்டு கையை உரசிக்கொண்டு போனது. இன்னொன்று முதுகில் வலப்பக்கமாக நுழைந்து உள்ளேயே தங்கிவிட்டது.

இன்றைக்கென்றால் எக்ஸ்ரே எடுத்தால் நிமிஷத்தில் தெரிந்துவிடும். ரான்ட்ஜன் அந்தக் கதிரைக் கண்டுபிடித்தது 1895-ல். அதற்கு இன்னும் பதினாலு வருஷம் இருக்கிறது. அப்போது குண்டைத் தேட ஒரே வழி, காயத்துக்குள் கம்பியை விடுவது, இல்லாவிட்டால் விரலையே விடுவது. லிஸ்டர் என்ற ஆங்கிலேய டாக்டர் கிருமியைக் கொல்லும் மருந்தால் கையையும் கருவியையும் கழுவச் சொல்லி 1867-லேயே எழுதியாகிவிட்டது. அமெரிக்க டாக்டர்களில் பலர் அதை நம்பவில்லை. கண்ணுக்கே தெரியாத பூச்சி ஆளைக் கொல்லுமா என்று கேலி பேசினார்கள். ரயில் நிலையத்துத் தரையிலேயே கழுவாத விரல்கள் ஜனாதிபதியின் காயத்துக்குள் போய் வந்தன.

சிகிச்சைப் பொறுப்பை எடுத்துக்கொண்டவர் டாக்டர் வில்லார்ட் பிளிஸ். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரிலேயே டாக்டர் என்ற வார்த்தை இருந்தது. பட்டம் வாங்குவதற்கு முன்னாலேயே அவர் டாக்டர்! குண்டு வலப்பக்கத்தில், ஈரலுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வந்த முடிவை மாற்றிக்கொள்கிற ஆளில்லை.

நாடே பேப்பரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பெல்லும் படித்தார். அவருக்கு ஒரு பழைய ஞாபகம் வந்தது. டெலிபோன் கம்பியில் பக்கத்துக் கம்பியின் இரைச்சல் கலப்பதைத் தவிர்க்க 1877 வாக்கில் இங்கிலாந்தில் இருந்தபோது அவர் சுருள்களை வைத்துச் சில சோதனைகள் செய்திருந்தார். ஒரு சுருள் தூண்டும் மின்சாரத்தை இன்னொன்றால் சரிக்கட்டிவிட்டால் ரிசீவரில் சத்தம் அடங்கிவிடும். ஆனால் பக்கத்தில் ஒரு உலோகத் துண்டு வந்தால் மறுபடி சத்தம் வரும். அப்படியானால் உடம்புக்குள் இருக்கிற ஈயத்துக்கும் வர வேண்டுமே? வேலையைப் போட்டுவிட்டு வாஷிங்டனுக்கு வந்து சேர்ந்தார்.

தராசு மாதிரி ஒரு சர்க்யூட்

கருவி என்னவென்று நம் பாஷையில் சொல்லிவிடுகிறேன். இரண்டு சுருள். முதல் சுருளில் பேட்டரி, நடுவில் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் ஒரு விசை. இரண்டாவது சுருளில் டெலிபோன் ரிசீவர். ஒன்றின் காந்தப்புலம் மாறும்போது மற்றதில் வோல்டேஜ் தூண்டப்படும், ரிசீவர் கரகரவென்று கத்தும். இது டிரான்ஸ்பார்மர், நமக்குத் தெரிந்ததுதான். இப்போது இரண்டு சுருளையும் தட்டையாகச் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறுகிற மாதிரி நகர்த்திக்கொண்டே வந்தால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் சத்தம் அடங்கிவிடும். உள்ளே பாய்கிற புலமும் எதிர்த்திசையில் பாய்கிற புலமும் சரிக்குச் சரி. தராசு முள் நடுவில் நிற்கிற மாதிரி.

அந்த நேரத்தில் ஒரு உலோகத் துண்டைக் கிட்டே கொண்டுவந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பும், அது தன் பங்குக்கு ஒரு புலத்தை உண்டாக்கும். தராசு சாய்ந்துவிடும். ரிசீவரில் சத்தம்! அவ்வளவுதான். இன்றைக்குக் கடையில் விற்கிற டிடெக்டர்களில் டபுள் டி என்ற வகைச் சுருளைப் பாருங்கள். பெல் கடைசியில் வந்து நின்ற அதே ஒன்றின் மேல் ஒன்று ஏறிய இரட்டைச் சுருள்தான்.

லண்டனில் டேவிட் ஹியூஸ் என்ற விஞ்ஞானி 1879-லேயே இந்தத் தராசைச் செய்து, அதில் நாணயங்களை நிறுத்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஷில்லிங் காசை வைத்தால் அமைதி. ஒன்று தேய்ந்த காசோ, கள்ளக் காசோ ஆனால் சத்தம். ஆகக் காசுக்கும் இந்தக் கருவிக்கும் உறவு பிறந்த நாளிலிருந்தே உண்டு! பெல்லும் ஹியூஸிடம் யோசனை கேட்டுக்கொண்டார். வானியல் அறிஞர் சைமன் நியூகோம்பும் உதவிக்கு வந்தார்.

ஒரு சிக்கல் மட்டும் பெரிசாக இருந்தது. ஈயம் ஒரு சோம்பேறி உலோகம். செம்போடு ஒப்பிட்டால் மின்சாரம் கடத்துவதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. சுழல் மின்னோட்டம் குறைவு, சத்தமும் குறைவு. பெல்லும் டெய்ன்டரும் ராப்பகலாகச் சுருளை மாற்றி மாற்றிச் சுற்றினார்கள். மாட்டிறைச்சிக்குள் குண்டைப் புதைத்துப் பார்த்தார்கள். தவிட்டு மூட்டைக்குள் போட்டுப் பார்த்தார்கள். உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டு அதை உடம்பிலேயே சுமந்துகொண்டு திரிந்த பழைய சிப்பாய்களை வரவழைத்துத் தடவிப் பார்த்தார்கள். சத்தம் கேட்டது. தூரம் மட்டும் சில அங்குலத்தைத் தாண்டவில்லை.

இரண்டு இரவுகள்

ஜூலை 26. வெள்ளை மாளிகை. வெயில் தாங்காமல் ஐஸ் கட்டி மேல் காற்றை ஊதி அறையைக் குளிரவைக்க ஒரு யந்திரமே வைத்திருந்தார்கள். கார்ஃபீல்டு வெளிறிப்போய்ப் படுத்திருக்கிறார். பெல் ரிசீவரைக் காதில் வைத்தார். லேபில் வராத ஒரு பொரிபொரிச் சத்தம் விடாமல் வந்துகொண்டே இருந்தது. குண்டின் சத்தத்தை அதிலிருந்து பிரிக்க முடியவில்லை. திரும்பி வந்து பார்த்தால் கண்டென்சரின் இணைப்பு தவறாகக் கொடுக்கப்பட்டிருந்தது. லேபில் ஒழுங்காகப் பேசுகிற சர்க்யூட் எக்ஸ்டர்னல் வந்து நிற்கும்போது மட்டும் மக்கர் பண்ணும் பாருங்கள், அந்த விதி பெல்லுக்கும் உண்டு!

ஆகஸ்ட் 1-ம் தேதி மறுபடியும் போனார். இந்தத் தடவை கருவி சரியாக இருந்தது. பிளிஸ் காட்டிய வலப்பக்கத்தில் மட்டும் சோதிக்க அனுமதி. அங்கே மெலிதாக ஒரு சத்தம் கேட்டது. ஆனால் ஒரு புள்ளியில் வந்து நிற்காமல் கொஞ்சம் பரந்த இடத்தில் எல்லாம் கேட்டது. குண்டு என்றால் ஒரு இடத்தில் ஏறி இறங்க வேண்டும். பெல்லுக்குத் திருப்தி இல்லை. பிளிஸுக்கு அந்தச் சத்தமே போதுமானதாக இருந்தது. குண்டு தான் சொன்ன இடத்தில் இருப்பதாகக் கருவியும் காட்டிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்.

பெல் விடவில்லை. படுக்கையில் ஏதாவது உலோகம் இருக்குமோ என்று விசாரித்தார். குதிரைமுடி மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பியால் பின்னிய இன்னொரு மெத்தை! பெரும்பாலான புத்தகங்கள் கதையை இங்கே முடித்துவிடுகின்றன. கம்பி மெத்தைதான் கெடுத்தது, பெல்லின் மேல் தப்பில்லை என்று. ஆனால் பெல் என்ன செய்தார் தெரியுமா? அதே மாதிரி ஒரு மெத்தையை வரவழைத்துச் சோதித்தார். படுக்கை முழுக்க அல்லவா கம்பி இருக்கிறது, சத்தம் ஒரு சின்ன இடத்தில்தானே வந்தது, ஆகவே மெத்தையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது என்று தனக்கு எதிராகவே எழுதிவைத்தார். கையில் தயாராகக் கிடைத்த சாக்கை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு பெல் மேல் மரியாதை வந்தது டெலிபோனுக்காக இல்லை, இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

எங்கள் புராஜெக்ட் சுருளை லேபின் கான்கிரீட் தரைக்குக் கிட்டே கொண்டுபோனால் எங்கே வைத்தாலும் கத்தும். உள்ளே கம்பி இருக்கிறது. மரப் பெஞ்சின் மேல் மண் தொட்டியை வைத்துத்தான் ரீடிங் எடுத்தோம். சத்தம் வந்தால் காசு என்று அர்த்தமில்லை, சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அது என்ன சத்தம் என்று சொல்ல முடியும். அதைக் கையால் செய்து பார்த்த பிறகு பெல் அந்த மெத்தையைத் தேடிப் போனது ஏன் என்று நன்றாகவே விளங்கியது.

குண்டு இருந்த இடம்

ஆகஸ்ட் முழுவதும் காயத்தில் சீழ் வைத்தது. சுமார் 210 பவுண்டு இருந்த கட்டான உடம்பு 130 பவுண்டுக்கு இறங்கிவிட்டது. கடற்காற்றுக்காக நியூஜெர்சி கரைக்குக் கொண்டுபோனார்கள். செப்டம்பர் 19-ம் தேதி இரவு கார்ஃபீல்டு காலமானார். வயது 49.

பிரேதப் பரிசோதனையில்தான் குண்டு அகப்பட்டது. முதுகெலும்புக்கு இடப்பக்கம், கணையத்துக்குப் பின்னால், ஆழத்தில். சுற்றிலும் திசு மூடி, தன்பாட்டுக்குப் பேசாமல் கிடந்தது. பெல்லைத் தேடவிட்டது வலப்பக்கம்! இடப்பக்கம் தேடியிருந்தாலும் அந்த ஆழத்துக்கு அவருடைய கருவி எட்டியிருக்குமா என்பது சந்தேகமே. குண்டை அப்படியே விட்டிருந்தாலும் அவர் பிழைத்திருக்கலாம், உயிரைக் குடித்தது கழுவாத விரல்கள் கொண்டுவந்த சீழ்தான் என்பது பின்னால் வந்த பல மருத்துவர்களின் கருத்து. சுட்டவனே கோர்ட்டில் இதைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தான். சுட்டது மட்டும்தான் தான், கொன்றது டாக்டர்கள் என்றான். அது எடுபடவில்லை. 1882 ஜூன் 30-ல் தூக்கிலிட்டார்கள்.

இதற்கு நடுவில் பெல்லின் வீட்டில் ஒரு துக்கம். ஆகஸ்ட் 15-ம் தேதி மேபலுக்குக் குறைப்பிரசவம். ஆண் குழந்தை. மூச்சுவிட முடியாமல் சில மணி நேரத்தில் போய்விட்டது. எட்வர்ட் என்று செத்துப்போன தம்பியின் பெயரையே வைத்தார்கள். வேறொருவராக இருந்தால் அந்த வருஷத்தோடு எல்லாவற்றையும் மூட்டை கட்டியிருப்பார். பெல் உலோகத்தில் ஒரு உருளைச் சட்டை செய்தார். மார்பைச் சுற்றி அதை மாட்டி, உள்ளே காற்றை உறிஞ்சியும் விட்டும், தானாக மூச்சுவிட முடியாதவருக்கு மூச்சு கொடுக்கலாம். 1928-ல் போலியோ நோயாளிகளுக்காக ஹார்வர்டில் செய்த இரும்பு நுரையீரலும் இதே தத்துவம்தான்.

குண்டு தேடும் கருவியையும் அவர் கைவிடவில்லை. நோயாளி போய்ச்சேர்ந்த பிறகு யாருக்காக இந்த வேலை என்று கேட்டிருப்பார்கள். அடுத்த நோயாளிக்காக! 1882 ஆகஸ்டில் மான்ட்ரியால் நகரத்தில் கூடிய அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் கூட்டத்தில் நடந்தது பூராவையும் கட்டுரையாகப் படித்தார். கண்டென்சர் தவறையும் மறைக்கவில்லை. டெலிபோனோடு ஒரு ஊசியை இணைத்து, அது ஈயத்தைத் தொட்டால் கிளிக் என்று காதில் கேட்கிற மாதிரியும் ஒரு கருவி வந்தது. எக்ஸ்ரே வரும்வரை அறுவை மருத்துவர்களுக்கு அது கைகொடுத்தது. 1886-ல் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகம் பெல்லுக்குக் கௌரவ மருத்துவப் பட்டமே கொடுத்தது.

மிச்ச நாற்பது வருஷம்

பிறகு கனடாவின் நோவாஸ்கோஷியாவில் படெக் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு குன்றை வாங்கி வீடு கட்டிக்கொண்டார். ராட்சதப் பட்டங்கள் விட்டார். 1907-ல் நாலு இளைஞர்களைச் சேர்த்து விமானம் கட்டும் சங்கம் தொடங்கினார். அவர்கள் செய்த சில்வர் டார்ட் 1909 பிப்ரவரி 23-ல் படெக் பனி ஏரி மேலிருந்து பறந்தது. அவருடைய நீர்மேல் எழும்பி ஓடும் படகு 1919-ல் மணிக்கு 70 மைலுக்கு மேல் பாய்ந்து உலக சாதனை செய்தது.

எல்லாமே பாராட்டத்தான் என்றில்லை. காது கேளாத பிள்ளைகள் வாயசைவைப் பார்த்துப் பேசப் பழக வேண்டும், சைகை மொழி கூடாது என்று அவர் பிடிவாதமாக நின்றார். அதனால் தங்கள் மொழியையே இழந்தோம் என்ற வருத்தம் அந்தச் சமூகத்தில் பலருக்கு இன்றும் உண்டு. வாழ்க்கை வரலாறு எழுதினால் அதையும் எழுதத்தான் வேண்டும்.

1922 ஆகஸ்ட் 2-ம் தேதி, 75-வது வயதில் பெல் காலமானார். ஆகஸ்ட் 4-ல் அடக்கம் நடந்தபோது அமெரிக்கா, கனடா முழுவதும் டெலிபோன்கள் ஒரு நிமிஷம் ஊமையாக நின்றன. நாம் இன்றைக்கு ஆம்ப்ளிஃபயர் கெயினை டெசிபலில் எழுதுகிறோமே, அதில் வருகிற பெல் அவர்தான்.

ஆள் இல்லாத வீட்டில் ஒரு காசு

சரி, அவருடைய கருவி என்ன ஆனது? வால்வு வந்தது, ஆசிலேட்டர் வந்தது. விமானங்களுக்குத் திசைகாட்டும் ரேடியோவில் வேலை செய்த ஜெர்மன்காரர் கெர்ஹார்ட் பிஷர், உலோகத் தாது இருக்கும் இடத்தில் ரேடியோ பொய் சொல்வதைக் கவனித்து, அந்தப் பொய்யையே பயன்படுத்தி உலோகம் தேடும் கருவி செய்தார். 1937-ல் காப்புரிமை. இரண்டாம் உலகப் போரில் போலந்து அதிகாரி யோசெஃப் கோசாட்ஸ்கி கண்ணிவெடி தேடும் கருவி செய்து கொடுக்க, 1942-ல் எல் அலமெய்ன் பாலைவனத்தில் அது எத்தனையோ பேரின் காலைக் காப்பாற்றியது.

போர் முடிந்ததும் ராணுவம் கழித்துப்போட்ட டிடெக்டர்கள் மலிவாகக் கிடைத்தன. பொழுதுபோக்காகக் காசு தேடும் பழக்கம் அமெரிக்காவில் இப்படித்தான் பரவியது. நியூ இங்கிலாந்துக் காடுகளில் கல் பாவிய பள்ளங்கள் நிறைய உண்டு. ஒரு காலத்தில் வீட்டின் நிலவறை. மேற்கே நல்ல நிலம் கிடைக்கிறது, ஊரில் மில் வேலை கிடைக்கிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் சனங்கள் விட்டுவிட்டுப் போன பண்ணைகள். சுவர் இல்லை, கூரை இல்லை. காட்டுக்கு நடுவில் சம்பந்தமில்லாமல் ஒரு லைலாக் செடியோ ஆப்பிள் மரமோ நின்றால், அங்கே ஒரு வாசல் இருந்தது என்று அர்த்தம். கிணற்றுக்குப் போகிற தடம், துணி காயப்போட்ட இடம், பெரிய மரத்து நிழல் இங்கெல்லாம்தான் காசு விழுந்திருக்கும். 1857 வரை அச்சடித்த பெரிய செம்பு சென்ட், 1859 முதல் 1909 வரை வந்த இந்தியத் தலை சென்ட் எல்லாம் கிடைக்கிறது.

ஆனால் தேடுகிறவருக்கு அங்கே பெரிய தொல்லை ஒன்று உண்டு. ஆணி! வீடு எரிந்தோ உளுத்தோ விழுந்தால் மரம் மக்கிவிடும், ஆணி அப்படியே மண்ணில் கிடக்கும். ஆயிரம் ஆணிக்கு நடுவில் ஒரு காசு. ஆணியின் சத்தம் காசின் சத்தத்தை விழுங்கிவிடும். கார்ஃபீல்டின் படுக்கையில் பெல்லுக்கு எழுந்த அதே கேள்விதான், இது தேடுகிற பொருளின் சத்தமா, சுற்றியிருக்கிற இரும்பின் சத்தமா? அதற்காகத்தான் இன்றைய கருவிகளில் சமிக்ஞையின் ஃபேஸ் எவ்வளவு தள்ளிப்போகிறது என்று அளந்து இரும்பையும் செம்பையும் பிரிக்கிறார்கள். அப்படியும் ஏமாறுகிறார்கள்!

ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன தேதிக்கு வருகிறேன். 1876 ஜூன் 25-ல் பெல் பிலடெல்பியாவில் டெலிபோன் காட்டிக்கொண்டிருந்த அதே நாளில்தான், மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லகோட்டா, ஷையன் வீரர்கள் கஸ்டரின் குதிரைப்படையைத் தோற்கடித்தார்கள். 1983-ல் அங்கே புல் தீப்பிடித்து எரிந்தது. மறு வருஷம் தொல்லியல் ஆய்வாளர்கள் மெட்டல் டிடெக்டர்களோடு இறங்கி, கிடைத்த ஒவ்வொரு தோட்டாவையும் எடுப்பதற்கு முன் அது கிடந்த இடத்தை வரைபடத்தில் குறித்தார்கள். எந்தத் துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதுகூடத் தெரியவந்தது. பார்த்தீர்களா, தோட்டாவைவிட அது கிடந்த இடம் அதிகம் பேசியது!

இங்கிலாந்தின் சஃபோக்கில் 1992 நவம்பர் 16-ல் ஒருவர் நண்பரின் தொலைந்துபோன சுத்தியலைத் தேடப் போய், ரோமானியர் காலத்துப் புதையலைக் கண்டுபிடித்தார். சுமார் 15,000 காசுகள். அவர் முழுசாகத் தோண்டிவிடவில்லை. நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். ஆய்வாளர்கள் வந்து அடுக்கு அடுக்காக எடுத்ததால்தான் அவை எப்படிப் பெட்டியில் வைக்கப்பட்டிருந்தன என்பதும் தெரிந்தது. அந்தச் சுத்தியலும் கிடைத்து இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. நம் ஊரிலும் 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் பெறுகிற பொருள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். டிடெக்டர் செய்கிற நண்பர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

நாளைக்கு நாம் எல்லோரும் ஏதோ ஒரு சைட்டில், ஏதோ ஒரு பிளான்டில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறோம். பெரிய அதிகாரி ஒருவர் ஃபால்ட் வலப்பக்கம்தான், அங்கே மட்டும் பார் என்பார். மீட்டரும் லேசாக ஆடும். ஆமாம் சார் என்று சொல்லிவிடுவது ரொம்ப சுலபம். அந்த நேரத்தில், திருப்தி இல்லாமல் திரும்பி வந்து, படுக்கைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று விசாரித்த 34 வயது மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கமும் ஒரு தடவை பார்த்துவிடலாமா சார் என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் நஷ்டமில்லை. கேட்காமல் விட்டால் அந்தப் பக்கம் ஒருவர் உயிரே இருக்கலாம்.